வாளின் புகழும் ஹர்பாவின் ஏடும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துக்கு அருகே உள்ள ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப்பாசன வயல்கள் சூழ்ந்திருந்த அந்த வட்டாரம் இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் வட்டாரமாகிவிட்டது. என்னிடம் ஓதிப் பட்டம் பெற்ற மௌலவி ஒருவர் அங்கே ஒரு மாடிக் கட்டடத்தில், தொழிற்சாலைகளில் பணிபுரியும் வெளியூர் இளைஞர்களுக்கு இமாமாக இருக்கிறார். சென்ற ஆண்டு அவ்விளைஞர்கள் திப்பு சுல்தான் நினைவாக ஒரு கூட்டம் நடத்த விரும்பி, பதாகையின் மாதிரி ஒன்றை அவர் வழியாக எனக்கு அனுப்பியிருந்தார்கள். உயர்த்திய வாளுடன் குதிரைமீது சுல்தான். எதிரே சிதறி ஓடும் செஞ்சட்டைப் படையினர். கீழே, 'புள்ளலூர் 1780: துப்பாக்கிமுனையை வாள்முனை வென்ற களம்' என்னும் வாசகம். "ஹஸ்ரத், பிழை ஏதும் இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்று மௌலவியின் குறிப்பும் உடனிருந்தது.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. வாசகம்தான் பிழை. ஆனால் அது அந்த இளைஞர்களின் பிழையன்று. நம் மேடைகளும் சிறப்பு மலர்களும் நெடுங்காலமாகச் சொல்லி வருவதையே அவர்கள் நான்கு சொற்களில் அடக்கியிருந்தார்கள். புள்ளலூரில் உண்மையில் எது எதனை வென்றது, அதைத் திப்பு சுல்தான் எவ்வாறு விளங்கிக்கொண்டார், நாம் எவ்வாறு விளங்கிக்கொண்டோம் என்பனவற்றை ஓர் ஓவியத்தையும் சில நூல்களையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்திலிருந்து தொடங்குவோம். 1780 ஜூலையில் ஹைதர் அலீ பெரும்படையுடன் மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகப் பாயீன்காட்டில் இறங்கினார். அவரை எதிர்த்த கும்பினியார் ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜாவின் பெயரால் போரிட்டனர். மேற்சொன்ன நெடுஞ்சாலை சென்று சேரும் வாலாஜாபாத் அந்த நவாபின் பெயரைத் தாங்கிய ஊரே. ஆகவே இப்போரை இஸ்லாத்துக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போராகச் சுருக்குவோர், ஊர்ப்பெயரைக்கூடப் படிக்காமல் அவ்வூரைக் கடந்து செல்வோரே ஆவர். சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் நின்றார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஏறத்தாழ 2,800 பேருடன் அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். கொற்றலையாற்றின் வெள்ளம் பெய்லியைப் பல நாள் தடுத்தது. செப்டம்பர் 6 ஆம் நாள் பெரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்துப் பொருதார். மன்றோ அனுப்பிய ஓராயிரம் பேர் ஃபிளெட்சர் என்பார் தலைமையில் வந்து சேர்ந்தபின், 9 ஆம் நாள் இரவு பெய்லி புறப்பட்டார். புறப்பட்டவர் வழியிலேயே இரவைக் கழித்தார். மறுநாள் விடியலில் புள்ளலூருக்கு அருகே தந்தையும் மகனுமாக இருபுறமும் சூழ்ந்துகொண்டனர்.

பீரங்கிக் குண்டுகளால் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. கையிருந்த தோட்டாக்களும் தீர்ந்தன. எஞ்சியவர்கள் சதுரமாக அணிவகுத்து, சுட இயலாத துப்பாக்கிகளின் முனையில் செருகிய கத்திகளை நான்கு புறமும் நீட்டிக்கொண்டு நின்றனர். மைசூர்க் குதிரைப்படை அலையலையாகப் பாய்ந்தது. பதின்மூன்று முறை பாய்ந்ததாகவும் பதின்மூன்று முறையும் பின்வாங்க நேர்ந்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இறுதியில் பெய்லி தம் வாள்நுனியில் கைக்குட்டையைக் கட்டி உயர்த்திச் சரணடைந்தார். அதன் பின்னும் வெட்டு ஓயவில்லை. மைசூர்த் தரப்பிலிருந்த பிரெஞ்சு அதிகாரிகளின் தலையீட்டால்தான் பலர் உயிர் தப்பினர். சில கல் தொலைவில் இருந்த மன்றோ வந்து சேரவில்லை. தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

இப்போது அந்த வாசகத்தை மீண்டும் பாருங்கள். வாளும் குதிரையும் அன்று காலை பதின்மூன்று முறை துப்பாக்கிமுனைக் கத்தியிடம் தோற்றன. சதுரத்தை உடைத்தவை பீரங்கியும், வெடித்த மருந்து வண்டிகளும், பெய்லியின் தாமதமும், மன்றோவின் தயக்கமுமே. வாள் வேலை செய்தது கதை முடிந்த பிறகு. வெற்றி மைசூருடையது என்பதில் ஐயமில்லை. கும்பினியார் அதுவரை இந்திய மண்ணில் கண்ட தோல்விகளுள் அதுபோல் கொடியது பிறிதில்லை. அவ்வெற்றியை வாளின் கணக்கில் எழுதியதுதான் பிழை.

அவ்வாறு முதலில் எழுதியது எது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் 1784 இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் தீட்டப்பட்ட புள்ளலூர்ப் போர்க் காட்சியே அது. நேரில் கண்டோர் அறிவர்: நடுவே செஞ்சட்டையினரின் சதுரம், அதனுள் பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடிக்கும் பெய்லி, மேலே வெடித்துப் புகையும் மருந்து வண்டி, தொலைநோக்கியுடன் பிரெஞ்சுத் தளபதி லாலி, சுற்றிலும் வாளேந்திப் பாயும் குதிரை வீரர்கள், தரையில் உருளும் தலைகள். திப்புவோ ரோஜா மலரை முகர்ந்தபடி, தோட்டத்தில் உலாவுபவர்போல வருகிறார். எதிரிகள் மழித்த முகத்தினராய், அச்சுப் பதித்தாற்போல் ஒரே முகத்தினராய் நிற்கின்றனர். மைசூர் வீரருக்கு மீசை உண்டு, முகவேறுபாடு உண்டு, விரைவு உண்டு.

கலைப்படைப்பாக இதன் அழகைக் குறைத்துப் பேச நான் துணியேன். ஓவியன் பொய்யும் சொல்லவில்லை. மருந்து வண்டி வெடித்ததை அவன் மறைக்கவில்லை. ஆயினும் கண் எங்கே செல்லவேண்டும் என்பதை அவன் தீர்மானித்திருக்கிறான். கண் வாள்களின்மேல் செல்கிறது. சதுரத்திலிருந்து நீளும் துப்பாக்கிகள் வெறும் கோடுகளாய், வேலிக் கழிகளாய் நின்றுவிடுகின்றன. அரண்மனைக்கு வரும் விருந்தினரும் தூதுவரும் காணவேண்டிய காட்சி அது. அக்காட்சியைக் கண்டோர் எத்துணை ஆட்பட்டனர் என்பதற்கு ஒரு செய்தி போதும்: 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லஸ்லியே, தம் நாட்டவரின் தோல்வியைக் காட்டும் அவ்வோவியத்தைப் புதுப்பிக்கச் செய்தார். 1855 இல் டல்ஹௌசியின் ஆணையால் அது மீண்டும் தீட்டப்பட்டது. அதன் பழைய காகித வரைவு ஒன்று 2022 இல் இலண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு விலைபோனது.

ஓவியம் பேசியதை விட்டு, அது பேசாத கருவிக்கு வருவோம்.

துப்பாக்கியின் முனையில் கத்தியைப் பொருத்தும் வழக்கம் 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. பிரான்ஸ் நாட்டு பயோன் நகரின் பெயரால் அது 'பயனெட்' எனப்பட்டது. முதலில் கத்தியின் மரப்பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே அடைப்பான்போல் செருகினர். செருகிவிட்டால் சுட முடியாது. சுட வேண்டுமானால் பிடுங்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளில் உயிர் போய்விடும். 1689 இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி என்னும் களத்தில், மலையிலிருந்து வாளுடன் ஓடிவந்தோர்முன் அரசுப் படை கத்தியைச் செருகுவதற்குள் சிதைந்துபோனது. அதன்பின் குழலைச் சுற்றி மாட்டும் வளையமும், குழலுக்கு விலகிப் பக்கவாட்டில் நீளும் முப்பட்டை அலகும் வழக்கத்துக்கு வந்தன. இதனால் கத்தி மாட்டியிருக்கும்போதே மருந்திட்டுச் சுடலாம். 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் காலாள் ஏந்திய துப்பாக்கி, 17 அங்குல அலகும் சேர்ந்து ஆறடிக்கு மேல் நீண்டது. சுடுவோனுக்குக் காவலாக ஈட்டிக்காரன் ஒருவனைத் தனியே நிறுத்தவேண்டிய தேவை ஒழிந்தது. சுடுவோனே ஈட்டிக்காரன் ஆனான்.

இக்கருவிக்கு நம் கலைமொழிகள் இட்ட பெயர்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். பாரசீகத்தார் இதனைச் 'சர்நேஸா' என்றனர். ஈட்டித்தலை என்பது பொருள். உருதுவில் 'சங்கீன்'. அரபியில் 'ஹர்பா'. ஒருவரும் இதனை வாள் இனத்தில் சேர்க்கவில்லை. ஹர்பா என்பது அரபுகள் நெடுங்காலமாக அறிந்த குறு ஈட்டி. அபிசீனியர் மஸ்ஜிதுந் நபவியில் ஹர்பாக்களைக் கொண்டு விளையாடியதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதைக் காட்டியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. உஹதுக் களத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களை வீழ்த்தியதும் ஹர்பாவே. ஹம்ஸா அவர்கள் வாள்வீரத்தின் சிகரம். வஹ்ஷீயோ விடுதலை வாக்களிக்கப்பட்ட அடிமை; ஒதுங்கி நின்று, குறிபார்த்து, கற்ற வித்தையைக் காட்டியவர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, யமாமாவில் அதே ஹர்பாவால் பொய்யன் முஸைலமாவையும் வீழ்த்தினார். நம் கவிஞர்கள் ஹம்ஸாவின் வாளைப் பாடியுள்ளனர். வஹ்ஷீயின் ஹர்பா வரலாற்றில் உண்டு. பாட்டில் அதற்கு இடம் குறைவு. இதில் வியப்பில்லை. வாள் ஒருவனுடைய வீரத்தைக் காட்டும். ஹர்பா காட்டுவது அவன் பெற்ற பயிற்சியை.

பயிற்சியை எழுதிவைக்கும் மரபு நமக்கு இல்லாமற் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மம்லூக்குகளின் காலத்தில் 'ஃபுரூஸிய்யா' என்னும் பெயரில் ஒரு நூல்வகையே அரபியில் தழைத்தது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் எழுதிய 'அல்ஃபுரூஸிய்யா'வை நம் மத்ரஸாக்களில் பெயரளவிலாவது அறிவர். அது பெரிதும் சட்ட நோக்கில் எழுதப்பட்டது. கையால் பழகுவதற்கு உரியவை வேறு. கி.பி. 1295 இல் மறைந்த நஜ்முத்தீன் ஹஸன் அர்ரம்மாஹ் ஈட்டிப் பயிற்சியின் அசைவுகளை 'புனூத்' என்று வகுத்துப் பெயரிட்டு எழுதினார். அர்ரம்மாஹ் என்றாலே ஈட்டிக்காரர் என்பதுதான் பொருள். அவரே வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையையும் தீக்கணைகளையும் பற்றி விரிவாக எழுதியவர். ஈட்டியும் வெடிமருந்தும் ஒரே ஆசிரியரின் இரு துறைகளாயின. அவ்விரண்டும் ஒரே கருவியில் இணைய நான்கு நூற்றாண்டுகள் ஆயின, அதுவும் வேறொரு நிலப்பகுதியில். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவகை மனவருத்தம் தோன்றுவதுண்டு.

இம்மரபின் தொலைதூர வாரிசாகவே திப்பு சுல்தானின் ஆணையால் தோன்றிய 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் பாரசீக நூலைக் கருதவேண்டும். சுல்தானே இதனை எழுதினார் எனப் பலர் எழுதிவிடுகின்றனர். இதனைத் தொகுத்தவர் ஸைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி. ஹைதராபாத் நிஜாமின் அமைச்சராக விளங்கிய மீர் ஆலமின் நெருங்கிய உறவினர் இவர். 1799 இல் நிஜாமின் படைக்குத் தலைமை தாங்கி ஆங்கிலேயருடன் ஸ்ரீரங்கப்பட்டணத்தின்மீது வந்தவர் அதே மீர் ஆலம். ஒரே குடும்பத்து அறிவாளர் இருவர் இரு பாசறையிலும் இருந்தனர்.

நூல் 1783 வாக்கில், அதாவது புள்ளலூர்ப் போருக்கு மூன்றாண்டுகளுக்குள் உருவானது. இக்காலக் கணக்கே என் வாதத்தின் அச்சாணி. வாள் வென்றது என்று திப்பு உண்மையிலேயே நம்பியிருப்பாராயின், தம் படைக்கு வாட்பயிற்சி நூலைத்தானே எழுதுவித்திருப்பார்? அவர் செய்வித்தது வேறு. காலாட்படையைக் குஷூன்களாகவும், குஷூனை ரிஸாலாக்களாகவும், ரிஸாலாவை ஜூக்குகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஸிபஹ்தார், ரிஸாலதார், ஜூக்தார் என அதிகாரிகளை அமைக்கும் ஏற்பாடு அந்நூலில் உள்ளது. துப்பாக்கியைத் தோளில் வைப்பது முதல் முனைக்கத்தியை நீட்டுவது வரை ஐரோப்பியர் தம் மொழியில் இடும் கட்டளைகளுக்கு ஈடாகப் பாரசீகக் கட்டளைச் சொற்கள் வகுக்கப்பட்டன. குஷூன் ஒன்றுக்கு 200 ராக்கெட் வீரர் என்னும் கணக்கும் அந்நூலைச் சார்ந்ததே. ஓவியம் விருந்தினருக்குச் சொன்னது ஒன்று. ஏடு படைவீரனுக்குச் சொன்னது வேறொன்று. தம்மை எதிர்த்து நின்ற சதுரத்தைத் திப்பு மறக்கவில்லை. அதைத் தமதாக்கிக்கொள்ள முயன்றார்.

ஃபத்ஹுல் முஜாஹிதீனைக் குறையற்ற நூல் என நான் சொல்ல வரவில்லை. மார்க்க அறிவுரையும் அரசியல் கண்டனமும் அணிவகுப்புப் பாடமும் ஒரே பொதியில் கட்டப்பட்டுள்ளன. ஒரு பக்கம் ஜிஹாதின் சிறப்பு. மறுபக்கம் கால் எடுத்துவைக்கும் கணக்கு. படைவீரனுக்கு முதலாவது ஊக்கம் தரும், இரண்டாவது உயிர் காக்கும் என்பதை ஆசிரியர் பிரித்துப் பார்க்கவில்லை. அதனினும் பெரிய குறை மொழி பற்றியது. கன்னடமும் தக்கனியும் தமிழும் பேசிய காலாட்களுக்குப் பிரெஞ்சுச் சொல்லும் அந்நியம், பாரசீகச் சொல்லும் அந்நியம்தான். கட்டளைச் சொல்லை மாற்றியதில் அரசின் தன்மானம் இருந்தது. ஆணையை ஏற்றவனின் காதுக்கு அதனால் விளைந்த எளிமை சிறிதே. இருந்தும், கடன்பெற்ற ஒரு கலையைத் தம் அறிவுமொழியில் எழுதிவைத்தாலன்றி அது தமதாகாது என்னும் தெளிவு அந்நாளைய இந்திய அரசர் பிறரிடம் இத்துணைத் தெளிவாகக் காணப்படவில்லை. 1809 இல் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் வெளியிட்ட திப்புவின் நூலகப் பட்டியலைப் புரட்டுவோர், இரண்டாயிரம் அளவிலான அந்நூல்களின் நடுவே இவ்வரசரை எங்கே வைத்துப் பார்க்கவேண்டும் என்பதை உணர்வர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். அந்நாளையப் பயிற்சியில் முனைக்கத்தியைக் கொண்டு போரிடும் நுணுக்கம் எந்த அளவுக்குக் கற்பிக்கப்பட்டது? விடை வியப்பளிக்கும்: மிகச் சிறிதே. 18 ஆம் நூற்றாண்டின் அணிவகுப்பு நூல்கள் துப்பாக்கியில் மருந்திடும் அசைவுகளை ஒவ்வொன்றாக எண்ணி விவரிக்கும். முனைக்கத்திக்கு வரும்போது மாட்டு, நீட்டு, முன்னேறு என்பதோடு முடித்துவிடும். எதிரியின் குத்தைத் தட்டுவது, விலகுவது, திருப்பிக் குத்துவது ஆகியவை இல்லை. கத்தியின் வலிமை தனியாளின் திறமையில் இல்லை, வரிசை குலையாமல் நிற்பதில்தான் என்று அவர்கள் கொண்டனர். 1753 இல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலையைப் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து மேஜர் லாரன்ஸ் கைப்பற்றியபோது, அவருடைய கிரனேடியர்கள் ஒரு குண்டும் சுடாமல் முனைக்கத்தியை நீட்டியபடி பாறைமேல் ஏறினர். அங்கே எவரும் கத்திச்சண்டை பயின்றவரல்லர். நிற்காமல் ஏறப் பயின்றவர்கள்.

முனைக்கத்தியைச் சிலம்பம்போல ஒரு தனிக்கலையாக்கும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் தோன்றியது. ஸாக்ஸனியில் ஸெல்ம்னிட்ஸ், பிரான்ஸில் பினெட், கோமார் ஆகியோர் முன்னோடிகள். கோமாரின் நூலை 1852 இல் ஆங்கிலமாக்கி அமெரிக்கப் படைக்கு அளித்தவர் மெக்கிளெலன். ஆங்கிலேயருள் இதனை வற்புறுத்தி 1853 இல் ஒரு சிறு நூல் எழுதியவர் யார் தெரியுமா? ஆயிரத்தோர் இரவுகளை மொழிபெயர்த்த அதே ரிச்சர்ட் பர்ட்டன்தான். பம்பாய்ப் படையின் 18 ஆம் சுதேசிக் காலாட்படையில் அதிகாரியாகச் சிந்து மாகாணத்தில் பணிபுரிந்தவர். அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் மாறுவேடத்தில் மக்கா சென்றார். அச்செயலை நாம் மன்னிப்பதற்கில்லை. ஆனால் அவருடைய நூலைப் படிக்காமலிருக்க அது காரணமாகாது. ஐரோப்பியப் படைகள் பலவும் காலாளுக்கு முனைக்கத்திப் போர்க்கலையைக் கற்பிக்க, ஆங்கிலேயர் மட்டும் கற்பிக்கவில்லையே என்பது அவர் குறை. காப்பு நிலை, குத்து, தடுப்பு எனப் பாகுபடுத்தி, இரு கையாலும் பிடித்த நீளக் கருவி ஒன்றை உடலின் நடுவிலிருந்து இயக்கும் முறையை அவர் சுருங்கச் சொல்கிறார்.

இந்நூலை ஒருநாள் சேரப்பணஞ்சேரிக்கு எடுத்துச் சென்றிருந்தேன். என் மாணவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். சிறுவயதில் ஆசானிடம் கம்பு பழகியவர். அஸருக்குப் பின் மொட்டைமாடியில் அவர் கையில் ஒரு மூங்கிற்கம்பைக் கொடுத்து, நூலில் உள்ளதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் செய்து காட்டினார். "இது எங்கள் ஆசான் சொன்னதுதானே ஹஸ்ரத்" என்று முதல் இரண்டு பாடங்களையும் எளிதில் முடித்தார். மூன்றாவது பாடத்தில் கம்பைத் திருப்பி எதிரியின் முனையைத் தட்டும் இடத்தில் நின்றுவிட்டார். "எதிரே ஒருவன் என்றால் இது சரி. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஆள் நின்றால் கம்பைத் திருப்ப இடம் ஏது?" என்று கேட்டார்.

பர்ட்டனின் நூல் விடை சொல்லாத கேள்வி அது. கம்பு வீசுவோனுக்குச் சுற்றிலும் வெளி வேண்டும். சதுரத்தில் நிற்பவனுக்கு அந்த வெளி மறுக்கப்பட்டது. நம் நாட்டுச் சிப்பாய் ஊரில் கம்பும் வாளும் பழகியவனாகக்கூட இருந்திருப்பான். அவன் கற்றதில் பாதியை மறக்கச் செய்வதே அணிவகுப்புப் பயிற்சியின் முதற்பாடம். தனித் திறமையைத் துறந்து வரிசையில் ஓர் அங்கமாவது என்பது இழிவா, உயர்வா? தொழுகையில் ஸஃப்பில் தோள் சேர்த்து நிற்கும் சமுதாயத்துக்கு வரிசையின் பெருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எனினும் எவருக்காக வரிசையில் நிற்கிறோம் என்னும் கேள்வியும் உடன் வருகிறதே.

அக்கேள்விக்கு வேலூர் ஒரு விடை. சென்னைப் படைக்கென வகுக்கப்பட்ட புதிய ஒழுங்கு விதிகளில், சிப்பாய் சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்கவேண்டும், மீசையை ஒரே அளவாக வைக்கவேண்டும் என்று ஒரு பத்தி இருந்தது. தோல் வைத்துத் தைத்த புதிய தலைப்பாகையும் 1805 நவம்பரில் திணிக்கப்பட்டது. துப்பாக்கி பிடிக்கும் முறையைச் சொல்லவேண்டிய நூல், பிடிப்பவனின் முகத்தைத் திருத்தப் புகுந்தது. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருசாராரும் ஒருங்கே புண்பட்டனர். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் அவர்கள் கும்பினியார் கற்பித்த அதே பயிற்சியோடு, அதே துப்பாக்கிகளோடு, வெள்ளையரின் 69 ஆம் ரெஜிமெண்ட்டைத் தாக்கினர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லஸ்பி கயிற்றின் வழியே மதில்மேல் ஏறி, தோட்டா தீர்ந்திருந்த 69 ஆம் ரெஜிமெண்ட்டின் எச்சத்தாரைக் கொண்டு முனைக்கத்தித் தாக்குதல் நடத்தியே, வாயில் உடைபடும் வரை தாக்குப்பிடித்தார். அன்று மடிந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர். திப்புவின் மக்கள் அக்கோட்டையிலேதான் காவலில் இருந்தனர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்து நூலையும் சென்னை விதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால், பயிற்சி நூல் என்பது வெறும் கைகால் அசைவுகளின் பட்டியலன்று என்பது புலனாகும். இரண்டும் சிப்பாயிடம் 'நீ யார்' என்று சொல்ல முனைகின்றன. ஒன்று அவனை முஜாஹித் என அழைத்தது. மற்றொன்று அவனை முகமற்றவனாக்க முயன்றது. அவன் தன்னை யாரென நினைத்தான் என்பதை இரண்டும் கேட்கவில்லை.

நம் இலக்கியமாவது கேட்டதா? 17 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஐரோப்பாவில் ஈட்டிப்படை ஒழிந்து முனைக்கத்தி இடம்பிடித்த அதே காலத்தில், தமிழ் முஸ்லிம் புலவர்கள் படைப்போர் இலக்கியங்களைப் பாடிக்கொண்டிருந்தனர். வரிசை முகியித்தீன் புலவரின் 'சக்கூன் படைப்போர்' அவற்றுள் முன்நிற்பது. வாள்வீச்சின் வேகமும் குதிரையின் பாய்ச்சலும் குருதிப் பெருக்கும் அவற்றில் வெள்ளமெனப் பெருகுகின்றன. அவற்றின் தமிழ்ச்சுவையை மறுப்பார் எவரும் இலர். ஆனால் அக்களங்கள் அரபு நாட்டின் கற்பனைக் களங்கள். அவற்றின் வீரர்கள் ஒவ்வொருவரும் நூறு பேருக்கு நிகரானவர்கள். சமகாலத்துத் துப்பாக்கிக்காரனுக்கு அவற்றில் நுழைவாயில் இல்லை. பாமரர் பாட்டு இதில் சற்று மேம்பட்டது. கும்பினிச் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாய் உயர்ந்து, பின் அவர்களையே எதிர்த்து, 1764 அக்டோபர் 15 இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட முஹம்மது யூசுப் கானைப் பற்றிய 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல், பீரங்கியும் பட்டாளமும் உள்ள உண்மைப் போரைப் பாடப் புகுந்தது. நம் புலவர் பெருமக்கள் புகாத களம் அது.

அண்மைக் காலத்துக்கு வந்தால் நிலை மேலும் இரங்கத்தக்கது. பகவான் கித்வானி 1976 இல் எழுதிய நாவலின் பெயரே திப்பு சுல்தானின் வாள் என்பதுதான். 1990 இல் அது தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. நம் தலைமுறையின் திப்பு பெரும்பாலும் அத்தொடரின் திப்பு. சுல்தானின் படுக்கையறை வாள் எனப்படும் ஒன்று 2023 மே மாதம் இலண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனபோது, நம் இதழ்கள் சில பெருமிதத்துடன் செய்தி வெளியிட்டன. கொள்ளையில் பறிபோன பொருளின் விலையில் நமக்கென்ன பெருமிதம் என்பது விளங்கவில்லை. ஃபத்ஹுல் முஜாஹிதீனோ 1950 இல் மஹ்மூத் ஹுஸைன் அவர்களால் கராச்சியில் பதிப்பிக்கப்பட்டது. 1811 இல் கிர்க்பாட்ரிக் தாம் மொழிபெயர்த்த திப்புவின் கடிதத் தொகுப்பில் அதன் உள்ளடக்கத்தை ஆங்கிலத்தில் விவரித்திருந்தார். பாரசீகம் கற்பிக்கும் நம் கல்லூரிகள் குலிஸ்தானோடு நின்றுவிடாமல், இதன் கட்டளைப் பகுதியையாவது தமிழாக்கம் செய்ய ஒரு மாணவரை ஏவலாம். சிலம்ப ஆசான் ஒருவரின் துணையும் அவருக்குத் தேவைப்படும்.

மொட்டைமாடிப் பாடத்துக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, மாணவரும் நானும் புள்ளலூர் சென்றோம். வயல்களுக்கிடையே கூர்நுனித் தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவை 1780 போருக்கானவை என நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அன்று, 1781 ஆகஸ்ட் 27 இல் அதே களத்தில் சர் அயர் கூட்டுக்கும் ஹைதருக்கும் நடந்த இரண்டாம் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பப்பட்டவை. பெய்லிக்கு நினைவுமண்டபம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. அவர் 1782 இல் அங்கே சிறையில் இறந்தார். பெய்லியின் படையில் பெரும்பான்மையோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். முஸ்லிம்களும் இருந்தனர், பிறரும் இருந்தனர். அவர்களை எதிர்த்துப் பாய்ந்தவர்களும் அவ்வாறே. ஒருவர் பெயரும் அங்கே இல்லை. நாங்கள் இருவரும் வரப்பில் நின்று ஃபாத்திஹா ஓதினோம். யாருக்கென்று மாணவர் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், "வாசகத்துக்குப் பதில் என்ன போடலாம் ஹஸ்ரத்?" என்றார். நாளை மட்டும் போடுங்கள் என்றேன்: 1780 செப்டம்பர் 10, புள்ளலூர். பதாகையின் படத்தைப் பிறகு எனக்கு அனுப்பினார். வாசகம் நீங்கியிருந்தது. வாள் அப்படியே இருந்தது. அச்சகத்தாரிடம் வேறு படம் இல்லையாம்.